கொம்பி பிடிச்ச கயிறு

மேகம் விலகுற வரைக்கும் பாறையத் தொடக் கூடாது. உக்காருங்க எல்லாரும். தலையில சட்டியக் கவுத்துக்கிட்டு, இடுப்பச் சுத்தி வாரும் வளையமுமா வந்திருக்கீங்க, பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த ஆனமூக்குப் பாறையில ஏறணும்னா கொம்பி கதையக் கேட்டுட்டுத்தான் ஏறணும். கேக்காம ஏறினா என்ன ஆகும்னு கேக்குறியா தம்பி? ஒண்ணும் ஆகாது. எனக்குக் கோவம் வரும், அவ்வளவுதான்.

முன்ன ஒரு காலத்துல, கீழயிருந்து மேல வர ரோடே கிடையாது, வெள்ளக்காரத் தொரைங்க டோலியில ஏறி வந்த காலம், இதே மூங்கிலூத்து ஊர்ல கொம்பி கொம்பின்னு ஒருத்தி இருந்தாளாம். நான் பாக்கல. எங்க அப்பனும் பாக்கல. சொல்லுவாங்க.

நாங்க தேன் வெட்டுற சனம். கொடிக்கயித்தக் கட்டிப் பாறையில இறங்குவோம். மேல நின்னு கயித்தப் பிடிக்கிறது யாரு? அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது. பங்காளி பிடிக்கக் கூடாது. பொண்டாட்டி கூடப் பொறந்தவன், மச்சினன், அவன்தான் பிடிக்கணும். ஏன்னா கைய விட்டா தாலியறுத்து நிக்கிறது அவன் அக்கா தங்கச்சி. அவன் விட மாட்டான். கல்யாணம் ஆகுற வரைக்கும் தாய்மாமன் பிடிப்பான். ஒருத்தன் கையில கயித்து நுனியக் குடுத்துட்டா அவன் உனக்கு உறவு. செத்தாலும் உறவு.

கொம்பிக்கு அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல. அப்ப யாரு அவளக் கட்டுவா? கட்டினவனுக்கு யாரு கயிறு பிடிப்பா? பொண்ணு கேட்டு ஒரு நாதி வரல.

ஆனா சடையன் இருந்தான். ஊர்த் தலைவன் காடன் மூப்பனோட மகன், ஒரே மகன். மொத தேனடை வெட்டினா அவ வாசல்ல வச்சிட்டுத்தான் வீட்டுக்குப் போவானாம். அவளும் அவன் பாறையில இறங்கி ஏறுற வரைக்கும் கீழ நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருப்பாளாம். "கழுத்து வலிக்கலையாடி?"ன்னு கேட்டா, "நெஞ்சு வலிக்கிறதுல கழுத்து தெரியல"ம்பாளாம். அப்படி ஒரு ஆசை.

சடையன் அப்பன்கிட்ட கேட்டான். மூப்பன் ஒரே பேச்சா சொல்லிட்டான்: "எனக்கு இருக்கிறது நீ ஒருத்தன். மச்சினன் இல்லாத வீட்டுல பொண்ணெடுத்து உன்னப் பாறையில போட மாட்டேன்." பெத்தவன் பயம் அது. அத நான் தப்புன்னு சொல்ல மாட்டேன்.

இப்படி இருக்கையில ஒரு தொரசானி வந்தா. பேரு அகத்தா. முப்பது வயசு, கல்யாணம் ஆகல. அவ நாட்டுல வெள்ள வெள்ளையாப் பனி மூடின மலையெல்லாம் ஏறினவளாம். கூட வந்தவன் ஒரே ஒருத்தன், சமையக்காரன் சவரிராயன். அவன்தான் அவ பேச்ச நம்ம பேச்சுல சொல்றது. தொரசானி பாவாடைய அவுத்து ஒரு கல்லு மேல மடிச்சு வச்சா. உள்ள ஆம்பள கால்சட்டை! ஊரே வாயப் பொத்திக்கிச்சாம். சவரிராயன் சொன்னானாம்: "அம்மாவுக்கு ஆனமூக்கு ஏறணுமாம். அவங்க ஊர் ஆம்பளைங்க, பொம்பள ஏறினான்னா நம்ப மாட்டாங்களாம். யாராச்சும் கூட வாங்க."

யாரும் அசையல. எப்படிப் போவான்? அவளுக்கு இங்க யாரு உறவு? உறவில்லாத உசுர எவன் பிடிப்பான்?

தொரசானி ஒரு வெள்ளக் கயித்த எடுத்து விரிச்சா. ஒரு நுனிய அவ இடுப்புல கட்டிக்கிட்டா, மறு நுனிய நீட்டினா. "இது ஆளுக்கு ஆள் கட்டுறது. ஒருத்தி விழுந்தா இன்னொருத்தி பிடிப்பா. பிடிக்கலேன்னா ரெண்டு பேரும் போவோம்"னு சொல்லச் சொன்னா.

கொம்பி அத உத்துப் பாத்தா. பாத்துட்டு மூப்பன் முன்னால போய் நின்னா. "மாமா, இந்தக் கயித்துக்கு மச்சினன் தேவையில்ல. இவள நான் மேல கூட்டிட்டுப் போயி உசுரோட கொண்டாந்து விட்டா, உங்க மகன் கயித்த என் கையில தருவீங்களா?"

மூப்பன் அந்த வெள்ளக் கயித்த வாங்கி இழுத்துப் பாத்தான். அப்புறம், "கொண்டா. அப்புறம் பேசுவோம்"னான்.

காலங்காத்தால வெள்ளக் கயித்த ஆளுக்கொரு நுனியா இடுப்புல கட்டிக்கிட்டு ரெண்டு பொம்பளைங்களும் ஏறினாங்க. ஆணி அடிச்ச செருப்போட ஒருத்தி, வெறுங்காலோட ஒருத்தி. ஏறினாங்க, ஏறினாங்க, உச்சிக்கே போயிட்டாங்களாம். பொழுது உச்சிக்கு வர்ற நேரம் மேல ரெண்டு புள்ளி நின்னு கையாட்டினத ஊரே பாத்திருக்கு. சடையன் அழுதுட்டானாம்.

எறங்குறதுதான் சனியன். ஏறுறவன் பாறையப் பாத்து ஏறுவான், எறங்குறவன் வீட்டப் பாத்து எறங்குவான். மேகம் வந்து விழுந்துச்சு. தூத்தல் போட்டுச்சு. ஈரப் புல்லுல தொரசானி கால் வழுக்குச்சு. அம்புட்டுதான். ஒரு சத்தம். ஆளக் காணோம்.

கொம்பி அப்படியே உக்காந்து ரெண்டு காலையும் ஒரு பாறை மடிப்புல முட்டுக்குடுத்தா. கயிறு இழுத்த இழுப்புல இடுப்புத் தோல் உரிஞ்சிருச்சாம். ஆனா பிடிச்சிட்டா. பிடிச்சிட்டா, இழுக்க முடியல. கயிறு கீழ ஒரு வெடிப்புல போயிச் சிக்கிக்கிச்சு. தொரசானிக்குக் கை ஒடிஞ்சு போச்சு. கொம்பி கத்தினா. "சடையா! சடையா!"

கேட்டுட்டான். கொடிக்கயித்தத் தோள்ல போட்டுக்கிட்டு, அப்பன் தடுக்கத் தடுக்க ஏறினான். அவ உக்காந்திருந்த எடத்துக்கு வந்து சேந்தான். கீழ எறங்கிச் சிக்க எடுத்து விடணும், வேற வழியில்ல. சுத்தி பாக்குறான். மரம் இல்ல. வேர் இல்ல. மொட்டப் பாறை. கயித்தக் கட்ட அங்க இருக்கிறது கொம்பி ஒருத்திதான்.

"ரெண்டு பேர் பாரம் தாங்குவியா?"ன்னான்.

"நீ குடு"ன்னா.

கயித்து நுனிய அவ கையில குடுத்தான். மேகம் கொஞ்சம் விலகுன நேரம், கீழ நின்ன சனம் பாத்துச்சு. பாத்தவங்க சொன்னது, "அதான் அவங்க கல்யாணம்." அவ அந்த நுனியையும் இடுப்புல கட்டி இறுக்கினா.

எறங்கினான். சிக்க எடுத்தான். ஒரு பாறைத் திட்டுல கால வச்சு நின்னுக்கிட்டு தொரசானியத் தள்ளிவிட்டான். கொம்பி இழுத்தா, இழுத்தா, முழம் முழமா இழுத்தா. தொரசானி மேல வந்து புல்லுல விழுந்தா. "இப்ப நீ வா சடையா"ன்னா கொம்பி. "வர்றேன்"னான்.

கொடிக்கயிறு பாறை வெளிம்புல அவ்வளவு நேரமும் உரசிக்கிட்டே கிடந்திருக்கு. யாரும் பாக்கல. பாதியில வர்றப்ப அந்துபோச்சு.

சித்த இருங்க. ... ம். அந்தத் தண்ணியக் குடு தம்பி.

அந்த ரெண்டு பேரும் எப்படி எறங்கினாங்கன்னு தெரியல. எறங்கிட்டாங்க. கீழ சடையனத் தூக்கியாந்து கிடத்தியிருக்காங்க. மூப்பன் மகன் தலைமாட்டுல நிக்கிறான். சனம் குசுகுசுங்குது. "ரெண்டு பாரம் தாங்கியிருக்க மாட்டா. வெள்ளச்சியப் பிடிச்சிட்டு இவன விட்டுட்டா. மச்சினனா இருந்தா விடுவானா?" மூப்பனும் கேட்டுட்டான். "கைய விட்டியா?"

கொம்பி கைய ரெண்டையும் தூக்கினா. இடுப்புல கொடிக்கயிறு தொங்குது. மூப்பன் முடிச்ச அவுக்கப் பாத்தான். அவுறல. ஈரத்துல ஊறி, பாரத்துல இறுகி, சதைக்குள்ள போயிருக்கு. மறு நுனியக் கையில எடுத்துப் பாத்தான். நார் நாராப் பிய்ஞ்சு கிடக்குது. அப்படியே தரையில உக்காந்துட்டான்.

தொரசானி தேம்பித் தேம்பி அழுதா. "என்னாலதான், என்னாலதான்"னு சவரிராயன் அவளுக்காகச் சொல்றான். கொம்பி சொன்னாளாம்: "ஆமா. உன்னாலதான். ஆனா நீ தள்ளிவிடல. போயி கையக் கட்டு."

மூப்பன் எந்திரிச்சான். முடிச்ச அறுக்கக் கத்தி எடுத்தவனத் தடுத்தான். "அறுக்காத. அது என் மகன் குடுத்த தாலி. மருமகளே, வா வீட்டுக்கு."

காலையில கன்னி, மத்தியானம் கட்டுக்கழுத்தி, பொழுது சாயறதுக்குள்ள அறுதலி. ஒரே நாள்ல. கயிறு காஞ்சு மூணாம் நாள் தானா நெகிழ்ந்து விழுந்துச்சாம். எங்க கல்யாணத்துல பொண்ணு மூணு நாளைக்குக் கொடிக்கயித்த இடுப்ப விட்டு எடுக்க மாட்டா, பாத்திருப்பீங்க. அது இதனாலதான்.

தொரசானி கை கூடினதும் போயிட்டா. வெள்ளக் கயித்த வச்சிட்டுப் போனா. அவ ஊர்ல நம்பினாங்களா இல்லையான்னு நமக்குத் தெரியாது.

அடுத்த தேன் பருவம் வந்துச்சு. ஆனமூக்குல யாரும் எறங்கல. பயம். அப்ப காடன் மூப்பன், கால் நடுங்குற வயசு, பத்து வருசமாப் பாறையத் தொடாதவன், கயித்த எடுத்துக்கிட்டு மேல வந்தான். ஊர் பூராவும் பாக்க, நுனியக் கொம்பி கையில குடுத்தான். "எனக்குப் பிடி தாயி"ன்னான்.

கட்டினா. எறங்கினான். வெட்டினான். ஏறி வந்தான்.

அப்புறம் நாப்பது வருசம், கூடப்பொறந்தவன் இல்லாத பொண்ணக் கட்டினவன் எவன் எறங்கினாலும் கயிறு அவ இடுப்புலதான். அவ பிடிச்ச கயித்துல ஒருத்தனும் விழல. அவ உக்காந்த எடத்துல ரெண்டு குதிகால் பள்ளம் இருக்கு, கொம்பி மிதின்னு பேரு. அவளுக்குப் பின்னால எங்க பொம்பளைங்க அதுல கால் வச்சுத்தான் பிடிக்கிறாங்க. இன்னைக்கும் பொண்ணு பேச வர்ற எடத்துல மாப்ள வீட்டுக்காரன் கேப்பான்: "பொண்ணுக்கு அண்ணன் தம்பி இல்லையே, கயித்துக்கு யாரு?"

பொண்ணப் பெத்தவன் தலை குனிய மாட்டான். சொல்லுவான்: "கொம்பி இருக்கா."

அவ்வளவுதான். வெத்தல மாத்திக்குவாங்க.