பிரேசில்காரனுக்கு ஒரு திருத்தம்

புளியங்குடி பஸ் சங்கரன்கோவிலை விட்டு இன்னும் கிளம்பவில்லை. எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். சட்டையில் வார்னிஷ் கறை இருந்தவர் போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

“அவன் சொல்லித்தந்ததை அவனுக்கே திருப்பிச் சொல்ல கவர்மெண்ட் அனுமதி வேணுமாம் அண்ணாச்சி.”

“யாருக்கு வே?”

“பிரேசில்காரனுக்கு. நாலு வருசமா நெட்டுலயே எனக்கு ட்ரோன் கட்டச் சொல்லித்தந்தவன். இப்ப அவன் ட்ரோன் காத்துல கவுந்துருதாம். என் ட்ரோன்ல நான் செஞ்ச திருத்தத்தைக் கேக்கான். ட்ரோன் ராணுவத்துக்கும் ஆகும்னு, அதோட வரைபடத்தை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூட அனுமதி வாங்கணும்னு சட்டம் இருக்கு.”

“எலுமிச்சைக்கு மருந்தடிக்கிற ட்ரோன்ல என்ன ராணுவ ரகசியம் வே? கவர்மெண்டுக்கு எழுதிக் கேளும்.”

“ஃபாரத்துல கம்பெனி பேரு கேக்கு. நான் மோட்டாருக்கு காயில் சுத்துதவன்.”

“அவன்ட்ட என்ன சொன்னீரு?”

“எனக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டேன். இப்ப தினமும் விட்டுச்சான்னு கேக்கான்.”