கேப்டன் பர்செலின் அளவுக்குழல்

மாட்டுக் கொம்பை வேகவைத்தால் எழும் நாற்றம் மூன்று நாளைக்குச் சட்டையை விட்டுப் போகாது. இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் நான் வந்து உட்கார்ந்ததும் நீங்கள் எழுந்து ஜன்னலைத் திறந்தீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. என் மனைவி பெர்னிஸ் இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்கிறாள்.

பெயர் எம்மெட் ஸ்டக்கி. குழல்வாய்ப் பக்கமாக வெடிமருந்து கெட்டிக்கிற பழைய மாதிரித் துப்பாக்கிகளோடு வேட்டைக்குப் போகிறவர்களுக்கு வேண்டிய சாமான் செய்கிறேன். வெடிமருந்துக்குக் கொம்பு, பறவை சுடுகிற பொடிக்குண்டான ஈயரவைக்குத் தோல்பை, அளந்து ஊற்ற மான்கொம்பில் ஒரு குழல். எல்லாம் கைவேலை. என் வேலையில் ஒரே ஒருவர்தான் குறை சொல்லியிருக்கிறார். அவரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

லீலண்ட் பர்செல் பல் டாக்டர். அது வார நாட்களில். சனிக்கிழமை காலை எங்கள் துப்பாக்கிச் சங்கத்து மைதானத்தின் கேட்டைத் தாண்டியதும் ஆயிரத்து எண்ணூற்று நாற்பதாம் வருடத்துக் கேப்டனாகிவிடுவார். எந்தப் படைக்குக் கேப்டன் என்று யாரும் கேட்டதில்லை. ஏசி வண்டியில் வந்து இறங்கி, கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டு, வான்கோழி இறகு செருகிய தொப்பியை மாட்டிக்கொள்வார். நாங்களும் அதையேதான் செய்வோம். ஆனால் எங்களுக்கு அது வேஷம் என்று தெரியும்.

போன ஏப்ரலில் அவருக்கு ஒரு கொம்பு செய்து கொடுத்தேன். முப்பது பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மூடியைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"எம்மெட், இதக் கரண்டு கடைசல் மிஷின்ல போட்டு உருட்டியிருக்க. வரி ஒரே சீரா இருக்கு பாரு. நாப்பதாம் வருஷத்து இண்டியானாவுல கரண்டு ஏதுப்பா?"

"உங்க மூக்குக் கண்ணாடி மட்டும் நாப்பதாம் வருஷத்துதா, கேப்டன்?" என்றான் என் சிநேகிதன் வெண்டெல் ஹோக். எதிலும் ஒரு கேலி வைத்திருப்பவன் அவன்.

"கண்ணாடி போட்டதாலதான் திருட்டு தெரிஞ்சுது."

சிரிப்பு அவர் பக்கம் போய்விட்டது. பிடுங்கிய பல்லைப் போல அந்தக் கொம்பை இரண்டு விரலால் தூக்கி என் பீன்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அது கரண்டுக் கடைசல்தான். பொய்யாக இருந்திருந்தால் அன்று மாலையே மறந்திருப்பேன்.

கோடை முழுவதும் உட்கார்ந்து அவருக்கு இன்னொரு கொம்பு செய்தேன். கண்ணாடிச் சில்லால் சுரண்டி, எதிரே பிடித்த விரல் நிழலாகத் தெரிகிற அளவுக்கு மெல்லியதாக்கினேன். இதுவரை நான் செய்ததில் நல்லது அதுதான். அதோடு ஒரு தோல்வாரில் மான்கொம்பு அளவுக்குழலைக் கட்டினேன். வெளியே பார்த்தால் மற்றக் குழல்களைப் போலத்தான் இருக்கும். உள்ளே அகலமாகவும் ஆழமாகவும் குடைந்திருந்தேன். சரியாக இரண்டு பங்கு பிடிக்கும். மேலே அவர் பெயரைச் செதுக்கினேன், கேப்டன் என்ற பட்டத்தோடு. மறுபக்கம் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. ஏதோ இலைக்கொடி போட்டிருப்பேன்.

என் எண்ணம் இவ்வளவுதான். மருந்து இரண்டு பங்கு போனால் துப்பாக்கி உதைக்கும். கேப்டன் இறகுத் தொப்பியோடு புல்லில் குப்புறவோ மல்லாக்கவோ விழுவார். எது என்பது அவர் விருப்பம். முப்பது பேர் சிரிப்பார்கள். அவர் துப்பாக்கியின் குழல் கனமானது, இரண்டு பங்கு மருந்தைத் தாங்கும். அதை யோசித்துத்தான் செய்தேன்.

புது அளவுக்குழல் வந்தால் கோடு போட்ட பித்தளை அளவில் ஒருமுறை ஊற்றிப் பார்ப்பது எங்கள் வழக்கம். நான் கேப்டனிடம் கொடுத்த அன்று வெண்டெல் தன் பித்தளை அளவை எடுத்து நீட்டினான். கேப்டன் தொடவில்லை.

"அந்தக் காலத்துல கனவான்கள் செஞ்சவன் வார்த்தைய நம்புனாங்க வெண்டெல். எம்மெட், அளவு சரியா இருக்கா?"

"இருக்குங்க, கேப்டன்."

வாய்விட்டு நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். ஆறு அடி தள்ளி நின்று சொன்னேன்.

செப்டம்பர் போட்டியில் அவர் கெட்டித்துக்கொண்டிருந்தபோது வெண்டெல் பக்கத்தில் நின்றான். கெட்டிக்கிறவனிடம் யாரும் பேசக்கூடாது. எங்கள் சங்கத்தில் எழுதி மாட்டியிருக்கும் முதல் விதி அது. பேச்சு கொடுத்தால் போட்ட குழலிலேயே மறுபடி போட்டுவிடுவான். ஆனாலும் வெண்டெலுக்கு வாய் நிற்கவில்லை.

"பல்லு அடைக்கிற மாதிரியே அடைக்கிறீங்களே கேப்டன், மரத்துப்போக ஊசி போட்டாச்சா?"

கேப்டன் சிரித்தார். வெண்டெலின் கேலிக்கு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். பிறகு துப்பாக்கியைத் தூக்கினார். அது உதைக்கவில்லை, வெடித்தது. இடதுகையில் கட்டைவிரலும் அடுத்த விரலும் மிஞ்சின.

எங்கே கணக்குத் தப்பியது என்றால், நான் சுடுவது ரைபிள். அதற்குக் குண்டு ஒன்று, மருந்து மட்டும்தான் அளப்போம். பறவைக்குச் சுடுகிறவர்கள் மருந்தை அளந்த அதே குழலால் ஈயரவையையும் அளப்பார்கள். கேப்டனும் அப்படித்தான் அளந்தார். ஆக ஈயமும் இரண்டு பங்கு. மருந்து முன்னே தள்ள, அவ்வளவு ஈயம் மறிக்க, குழல் தாங்கவில்லை. ஈயரவையை நான் நினைக்கவே இல்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

சங்கத்துக் குழு கிழிந்த துப்பாக்கிக் குழலைப் பார்த்தது. பேச்சில் கவனம் சிதறி ஒரே குழலில் இரண்டு தடவை கெட்டித்துவிட்டார் என்று முடிவு செய்தது. அளவுக்குழலை யாரும் அளக்கவில்லை. வெண்டெலைச் சங்கத்தை விட்டு நீக்கினார்கள். அந்தத் தீர்மானத்துக்கு நானும் கை தூக்கினேன். தூக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

வெண்டெல் இன்னமும் தினம் என் பட்டறைக்கு வருகிறான். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவான். பேசுவதில்லை. ஒருநாள், "என்னடா, வாயில பூட்டா?" என்று கேட்டேன்.

"கையில வேலையா இருக்கறவன்கிட்ட பேசக்கூடாது, எம்மெட்."

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அந்த அமைதியில் என் வேலை நன்றாக ஓடியது.

நேற்று மத்தியானம் கேப்டன் பட்டறைக்கு வந்தார். தொப்பி இல்லை. வாளியில் வெண்டெல் இருந்தான், எழுந்து போகப் பார்த்தான்.

"உக்காருப்பா. உன் மேல தப்பில்ல. கணக்கு விட்டது நான்தான். பல்லப் பாத்துப் பாத்து அடைச்சவன், இதுல கோட்டை விட்டுட்டேன்."

வெண்டெல் மறுபடி வாளியில் உட்கார்ந்தான். கேப்டன் என் மேஜை மேல் அந்த மான்கொம்புக் குழலை வைத்தார்.

"வேற துப்பாக்கி வாங்கியிருக்கேன், எம்மெட். ஒரு கையாலயே தொறக்கற மாதிரி ஒரு கொம்பு பண்ணிக் குடு. மூடி வேணும்னா கரண்டுலயே போட்டுக்க, நான் பேசமாட்டேன். குழலு மட்டும் இதே அளவுல ஒண்ணு. இது நல்ல குழலு, ஏமாத்தாது. இனிமே தனியா நின்னு, ஒருத்தரும் பேசாத எடத்துலதான் கெட்டிப்பேன்."

தனியாக நின்று, ஒரே ஒரு தடவை அளந்து, எல்லா விதியையும் மதித்து அவர் கெட்டிப்பதை நினைத்துப் பார்த்தேன். சரிங்க என்று சொல்ல வாயைத் திறந்தும்விட்டேன். அதற்குள் வெண்டெல் குழலைக் கையில் எடுத்தான். பெயரைப் பார்த்தான். திருப்பினான். பல மாதத்துக்குப் பிறகு அவனாகப் பேசினான்.

"எழுத்து என்ன அழகாச் செதுக்கியிருக்கான் பாருங்க கேப்டன்."

அங்கே இலைக்கொடி இல்லை. வெண்டெல் சத்தமாக வாசித்தான்: "மருந்துக்கும் ரவைக்கும் இதுவே."

என் எழுத்துதான். ஒரு கீறல்கூடப் பிசகவில்லை. கேப்டன் அப்படிச் செதுக்கச் சொல்லவும் இல்லை.

ஈயரவையை நினைக்கவே இல்லை என்று சற்றுமுன் எழுதச் சொன்னேனே, அந்த வரியை அடித்துவிடுங்கள்.