கால் பம்பு பெரம்பலூரில் இருந்தது

"குனி. குனிடா மாப்ள."

ஜாபர் மச்சான் கத்துகிறார். என் பிடரியைப் பிடித்து ஸ்டியரிங்குக்குக் கீழே அழுத்துகிறார். முதலில் விசில் மாதிரி ஒரு சத்தம். பிறகு காது அடைக்கிறது. கண்ணாடி உள்ளே கொட்டுகிறது. முன்னால் போன லாரி எரிகிறது. அதை ஓட்டியவர் ஒரு மலையாளி. அன்று காலையில் எங்களுக்குக் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தவர். அவருடைய கதவு திறக்கவில்லை.

அடுத்தது விழுகிறது. இந்த முறை விசில் கேட்கவில்லை. மச்சானின் கை என் பிடரியிலிருந்து நழுவுகிறது. நிமிர்கிறேன். கழுத்தெல்லாம் ரத்தம். வாயைத் திறக்கிறார். பேச்சு வரவில்லை. காற்று கழுத்து வழியாக வருகிறது. புஸ். புஸ்.

இது ஈராக். பஸ்ராவுக்கு வடக்கே போகும் சாலை. வருடம் 2004.

ஜாபர் என் அக்கா மும்தாஜின் புருஷன். நாங்கள் இரண்டு பேரும் லப்பைக்குடிக்காட்டிலிருந்து குவைத்துக்கு லாரி ஓட்டப் போனோம். குவைத்துக்குள்தான் வேலை என்றார்கள். பொய். எல்லை தாண்ட மாட்டேன் என்றால் பாஸ்போர்ட்டைத் தர மாட்டோம் என்றார்கள். தாண்டினோம். யாரோ ஒரு ராணுவத்துக்குச் சாப்பாடு சுமந்தோம். அந்தச் சண்டையில் எங்களுக்கு எதிரி என்று ஒருவரும் இல்லை. குண்டுக்கு அது தெரியாது.

மச்சான் சாகவில்லை. என்னைக் குனிய வைத்தவர் தான் குனியவில்லை. எனக்குக் கண்ணாடிக் கீறல்தான். அவருக்குத் தொண்டையில் ஓட்டை. அதில் ஒரு குழாய். அந்தக் குழாய் வழியாகத்தான் மூச்சு. குவைத்தில் பாதி வைத்தியம். மீதி திருச்சியில். பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

குழாயில் சளி சேரும். அதை உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எடுக்காவிட்டால் அடைக்கும். அடைத்தால் மூச்சு நிற்கும். சளி உறிஞ்சும் மிஷின் ஒன்று வாங்கச் சொன்னார்கள். கிளம்பும்போது நர்ஸ் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கரண்ட்டுல ஓடுறது ஒண்ணு வாங்குங்க. கால்ல மிதிக்கிறதும் ஒண்ணு வச்சுக்கங்க. உங்க பெரம்பலூர்லயே மெடிக்கல்ல கிடைக்கும்."

நான் சிரித்தேன். "எங்க ஊருக்கு எல்லாம் பிளேன்ல வரும், சிஸ்டர். லோக்கல் சாமான் வேணாம்." வீட்டிலும் இதைச் சொல்லிச் சிரித்தேன்.

எங்கள் ஊர்ப் புத்தி அது. தைலம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். போர்வை வர வேண்டும். டார்ச் லைட் வர வேண்டும். லீவில் வருகிறவன் பெட்டியில் வராத சாமான் சாமானே இல்லை. பெரம்பலூரில் வாங்கினால், வெளிநாட்டுச் சபர் போன வீட்டுக்கு என்ன கேடு என்று தெரு கேட்கும். குவைத்தில் இருந்த சிநேகிதனிடம் மிஷின் கொண்டுவரச் சொன்னேன். அவன் லீவு தள்ளிக்கொண்டே போனது. அதுவரை என் அக்கா, மும்தாஜ் லாத்தா, சிரிஞ்சி வைத்துச் சளி எடுத்தாள். தூங்கவில்லை. மச்சான் பேச முடியாமல் கையை ஆட்டுவார். பெரம்பலூர்ப் பக்கம் கையைக் காட்டுவார். நான் புரியாத மாதிரி இருந்தேன்.

மிஷின் வந்தது. கயிறு கட்டிய அட்டைப் பெட்டி. மேலே என் பெயர், பட்டையான கறுப்பு எழுத்தில். தெருவே பார்க்க வந்தது, கல்யாணச் சீர் பார்க்கிற மாதிரி. பக்கத்து வீட்டு மாமி கண்ணாடிப் பாட்டிலைத் தடவிப் பார்த்தார். "ஜப்பான்காரன் ஜப்பான்காரன்தான். சத்தமே இல்ல பாருங்க." எனக்குப் பெருமை. வெட்கம் கெட்ட பெருமை.

ஆடி மாதம். காற்று. ஒரு தென்னை மட்டை மின்கம்பியில் விழுந்தது. கரண்ட் போனது. சாயங்காலம் ஆகும் என்றார்கள். ஜப்பான்காரன் சும்மா உட்கார்ந்திருக்கிறான். மச்சானின் நெஞ்சில் கொறகொறவென்று சத்தம் கேட்கிறது. லாத்தா சிரிஞ்சியை எடுத்தாள்.

"சளி கெட்டியா இருக்குடா. அந்த மிதிக்கிற மிஷினு சொன்னியே. போ. போய் வாங்கிட்டு வா."

ஸ்கூட்டரை எடுத்தேன். எதிர்க்காற்று. பெரம்பலூர். முதல் மெடிக்கலில் ஊசி மருந்து மட்டும்தான் என்றார்கள். அடுத்ததில், திருச்சிக்குப் போங்க என்றார்கள். இன்னொன்றில், அரியலூர்ல கேட்டுப் பாருங்க என்றார்கள். எந்தக் கடையில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பஸ் ஏற மட்டும்தான் பெரம்பலூருக்கு வந்திருக்கிறேன். பஸ்ராவுக்கு வழி தெரியும். பெரம்பலூரில் மெடிக்கலுக்கு வழி தெரியாது.

பழைய பஸ் ஸ்டாண்டு பின்பக்கம். வாசலில் வாக்கர் தொங்குகிறது. வீல்சேர் மடித்துச் சாய்த்திருக்கிறது. கல்லாவில் ஒரு அம்மா.

"சளி எடுக்குற கால் பம்பு இருக்கா?"

"இருக்குங்க பாய். எந்த ஊரு?"

சொன்னேன்.

"அட. உங்க ஊருக்காரங்க எங்க கடைக்கெல்லாம் வருவீங்களா? துபாய்ல கடை மூடிட்டாங்களா?"

பணத்தை எடுத்து நீட்டினேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்தினார். மேல் தட்டிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். "ரொம்ப நாளா இருக்குங்க. நல்லாத்தான் வேலை செய்யும். சீக்கிரம் போங்க." செருப்பைக் கழற்றி ஒரு தடவை மிதித்துக் காட்டினார். சர்ரென்று உறிஞ்சியது. அவ்வளவுதான் வேலை.

பெட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு திரும்புகிறேன். ஊருக்குப் பாதி வழி. எதிரே ஒரு அம்பாசடர், ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வருகிறது. என்னைத் தாண்டிப் போய் நிற்கிறது. பின் சீட்டில் லாத்தா. மடியில் மச்சான். கண் திறந்திருக்கிறது. கழுத்தில் சத்தம் இல்லை. லாத்தாவின் முக்காட்டிலும் உதட்டிலும் சளி. ரத்தம். குழாயில் வாய் வைத்து உறிஞ்சியிருக்கிறாள். அதற்குப் பிறகும் அடைத்துவிட்டது.

என் காலிடுக்கைப் பார்த்தாள்.

"எங்க கிடைச்சுது?"

"பெரம்பலூர்லதான் லாத்தா."

"பெரம்பலூர்லயா."

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

இழந்த கணக்கைச் சொல்கிறேன். மறக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பஸ்ரா சாலையில், எரிந்த லாரி ஒன்று. உள்ளே மலையாளி ஒருவர். அவர் பெயரை நான் கேட்டதே இல்லை. மச்சானின் குரல். கம்பெனி இதோடு கணக்கை மூடியது. ஜாபர் என்ற பெயருக்கு எதிரே காயம் என்று மட்டும் எழுதியிருக்கும்.

பெரம்பலூர் சாலையில், ஜாபர். எந்தச் சண்டைக் கணக்கிலும் அவர் வர மாட்டார். பாதிக் கொலையைக் குண்டு செய்தது. மீதியை நான் செய்தேன்.

லாத்தாவின் புருஷன். அவள் பிள்ளைகள் இரண்டு பேருக்கு அத்தா. என் பிடரியை அழுத்திய ஒரு கை.

பிறகு, வீட்டில் ஒரு கால் பம்பு. யாரும் மிதிக்காதது.