திரி கட்டை

நாரணாபுரம் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். இளையவளுக்குக் காலண்டர் அச்சகத்தில் வேலை. மூத்தவர் பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டுகிறவர்.

"எம் மகனுக்குத் திரி கட்டைக்கா."

"என்னடி சொல்ற?"

"அடுத்த வருசக் காலண்டர்ல தேதிக்குக் கீள இங்கிலீசுச் சொலவடையும் அர்த்தமும் போடுறோம். பொசுக்குனு கோவப்படுறவனை, குட்டைத் திரி வச்ச வெடி மாதிரின்னு, அப்படித்தான் சொல்லுவாகளாம். இவனும் நேத்துச் சோத்துத் தட்டை வீசிட்டான்."

மூத்தவர் சிரிக்கவில்லை.

"திரி தானாவா கட்டையாகுது? நாங்கதான் அளவு பாத்து வெட்டணும். தப்புனா போர்மேன் எங்களத்தான் ஏசுவாரு. வெடிய ஏச மாட்டாரு."

சிவகாசி வந்தது. இறங்கும்போது இளையவள் மூத்தவர் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு நாளா அவன் என்னமோ சொல்ல வந்தான்க்கா. நாந்தான் வேலை கெடக்குன்னுட்டேன்."