காலி அட்டைகள்

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள் ஐயா, தாள் பறந்துகொண்டே இருக்கிறது. நான் நிதானமாகச் சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் எனக்குப் பிடிக்காது.

என் பெயர் தென்னரசு. திண்டிவனம் பக்கம் பிரம்மதேசத்தில் மூன்று ஏக்கர் சொந்த நிலம். மல்லாட்டையும் கேப்பையும் போடுகிறேன். போன மாதம் இறந்துபோன சங்கவி என் மனைவி. விழுப்புரத்துக்காரி. ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்தில் தேசிய அளவில் இரண்டு தடவை மெடல் வாங்கியவள். பேப்பரில் படம் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் பாதி முகம் தெரிகிறதே, அது நான்தான்.

நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தது ஆரோக்கியசெல்வி அம்மாவுக்காக. அவர் காசநோய்ப் பிரிவில் சுகாதாரப் பணியாளர். சங்கவி மாத்திரை விழுங்குவதைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்று அவருக்கு மெமோ கொடுத்திருக்கிறார்களாம். அது அநியாயம் ஐயா. வாரா வாரம் வெயில் மழை பாராமல் ஸ்கூட்டியில் வந்து, மாத்திரை எடுத்த காலி அட்டைகளை எண்ணிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். ஒரு அட்டைகூடக் குறைந்ததில்லை. செய்யாத தப்புக்கு ஒரு நல்ல மனுஷியின் தலை உருளுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை.

எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம். முதல் இரண்டு வருஷத்தில் அவள் என் வீட்டில் சேர்ந்தாற்போல் பத்து நாள் இருந்ததில்லை. பெங்களூரில் முகாம், அது முடிந்தால் பாட்டியாலாவில் முகாம். ஊரில் கேலி பேசுவார்கள். "இன்னா தென்னரசு, ஊட்டுக்காரி இப்போ எந்த ஊர்ல ஓடிக்கினு இருக்கா?" சிரித்துவிட்டுப் போய்விடுவேன். எனக்கு அதில் வருத்தமில்லை. ஓடுகிறவள் என்று தெரிந்துதானே கட்டினேன்.

மூன்றாம் வருஷம் முகாமிலிருந்து அவளைத் திருப்பி அனுப்பினார்கள். சாயங்காலமானால் காய்ச்சல், இருமினால் கைக்குட்டையில் ரத்தம். விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது முப்பத்தொன்பது கிலோ. நுரையீரலில் காசநோய். தினமும் கண்ணெதிரே மாத்திரையை விழுங்கவைக்க வீட்டில் பொறுப்பான ஆள் வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அவளுடைய அம்மா வெள்ளையம்மாள் எழுந்திருப்பதற்குள் நான் கை தூக்கிவிட்டேன்.

மாத்திரை வாசனைக்கே அவளுக்குக் குமட்டும். அதனால் வெல்லத்தை இளக்கி, அதற்குள் மாத்திரையைப் பொதித்து உருட்டிக் கொடுப்பேன். எங்கள் வீட்டு மாட்டுக்கு மருந்து கொடுக்கிற முறைதான். அவள் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறப்பாள். நாக்கில் வைத்தால் அப்படியே விழுங்கிவிடுவாள். வாந்தி எடுத்தால் கையில் ஏந்தியிருக்கிறேன். தலை வாரிவிட்டிருக்கிறேன். கேப்பைக் கூழை ஆற்றி ஆற்றி ஊட்டியிருக்கிறேன். என் தோளில் சாய்ந்தபடியே உட்கார்ந்திருப்பாள். உண்மையைச் சொன்னால் ஐயா, அந்த இரண்டு மாதம்தான் நான் குடும்பம் நடத்தினேன்.

இரண்டு மாதம் கழித்துச் சளியில் கிருமி இல்லை என்று வந்தது. மறுநாள் காலை பார்த்தால் படுக்கையில் ஆளைக் காணோம். ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தாள். ஐம்பது அடி நடப்பாள், கரைமேல் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள், மறுபடி எழுந்து நடப்பாள். பத்து நாளில் மெல்ல ஓட ஆரம்பித்தாள். என் செல்போனைக் கையில் திணித்து, "மாமா, டைம் பாரு" என்பாள்.

"அதுக்குள்ள இன்னா அவசரம்? ஒடம்பு தேறட்டும் சங்கவி" என்றேன்.

"தேறிக்கினுதான் மாமா இருக்கேன். கேம்புல கூப்ட்டுட்டாங்க. இனிமே படுத்தாதான் செத்துருவேன்" என்றாள்.

அவளைக் குறை சொல்லவில்லை. அவள் சுபாவம் அது.

நான் திண்டிவனத்தில் ஒரு மருந்துக்கடையில் சத்து மாத்திரை வாங்கிவந்தேன். வெல்லத்துக்குள் அதைப் பொதித்தேன். நிஜ மாத்திரைகளை அன்றன்றைக்கு அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து வரப்போரம் குழி தோண்டிப் புதைத்தேன். கிணற்றில் போட்டால் தண்ணீர் கெட்டுவிடும் இல்லையா. நிஜ மாத்திரை உள்ளே போனால் சிறுநீர் சிவப்பாகப் போகும். ஒரு நாள், "முன்ன மாதிரி ஒண்ணுக்கு செவப்பா போவலியே மாமா, மஞ்சளா போவுது" என்று கேட்டாள். "நோவு கொறஞ்சிக்கினு வருது, அதான்" என்றேன். அப்படியே நம்பினாள். சந்தோஷத்தில் என் நெற்றியில் வந்து முட்டினாள்.

நான் ஒன்றும் ஈவிரக்கம் இல்லாதவன் இல்லை. முழுக்க நிறுத்தவில்லை. இருமல் கூடினால், முகம் வாடினால், உடனே நிஜத்தைக் கொடுப்பேன். தெளிந்து எழுந்து ஷூவைத் தேட ஆரம்பித்தால் நிறுத்துவேன். கழனிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவன் மடையைத் திறந்து அடைக்கிற மாதிரிதான். அவள் முகாமுக்குப் போகிற நாள் தள்ளிக்கொண்டே போனது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஆறு மாதம் முடிந்ததும், ஒரு நாள்கூடத் தவறாமல் மாத்திரை கொடுத்தவன் என்று ஒரு கூட்டத்தில் எனக்குச் சால்வை போட்டார்கள். ஆரோக்கியசெல்வி அம்மாதான் மைக்கில் என்னைப் பாராட்டிப் பேசினார். அதைக் கேட்டுச் சங்கவி அழுதாள்.

அடுத்த மூன்று மாதத்தில் நோய் முழு வேகத்தில் திரும்பியது. பழைய மருந்து எதற்கும் கிருமி கட்டுப்படவில்லை. விட்டு விட்டுச் சாப்பிட்டால்தான் இப்படி ஆகும் என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். "எங்க மாமா கைல ஒரு வேளகூட தவறனதில்ல டாக்டர். என் ஒடம்புதான் சரியில்ல" என்று சங்கவி பதில் சொன்னாள். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இந்தத் தடவை ஒன்றரை வருஷ மருந்து, கடுமையான மருந்து. அவள் மேனி கறுத்துப்போனது. பாதம் இரண்டும் மரத்துப்போனது. செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாமல் நடப்பாள். ஓட்டக்காரிக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று யோசித்துப் பாருங்கள். இனி மைதானத்தை மறந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அந்த முதல் ஏழெட்டு மாதமும் ஒரு வேளை விடாமல் நிஜ மாத்திரைதான் கொடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

அவள் மறக்கவில்லை. கிருமி அடங்கியதும் விழுப்புரம் மைதானத்துக்குப் போனாள். "காலு எங்க இருக்குதுன்னே தெரியல மாமா. கண்ணால பாத்துப் பாத்துத்தான் எடுத்து வெக்கிறேன்" என்றாள். குனிந்த தலையோடு, தன் பாதங்களையே பார்த்துக்கொண்டு ஓடிப் பழகினாள். விழுந்தாள். முட்டி பெயர்ந்து ரத்தம் வந்தது. துடைத்துவிட்டு ஓடினாள். போன தை மாதம் அங்கேயே நடந்த போட்டியில் டாக்டரிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கி இறங்கினாள். இரண்டாவதாக வந்தாள். மைதானமே எழுந்து நின்றது. நானும் நின்றேன். ஐயா, அப்படி ஒரு அழுகையை நான் என் வாழ்நாளில் அழுததில்லை. இப்படி ஒருத்தி எனக்கு வாய்த்தாளே என்று நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது.

திண்டிவனம் திரும்புகிற பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "பங்குனில கேம்பு மாமா. நீ இல்லன்னா நான் இன்னிக்கி மண்ணுக்குள்ளதான் இருப்பேன்."

மறுநாள் காலை வெல்லத்துக்குள் சத்து மாத்திரையைப் பொதித்தேன். விட்டு விட்டுச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று அப்போது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். அதையும் விடாமல் எழுதுங்கள்.

பங்குனி பிறப்பதற்குள் படுத்துவிட்டாள். நான் உடனே நிஜ மருந்துக்கு மாறினேன். அது கேட்கவில்லை. மறுபடி விழுப்புரத்து ஆஸ்பத்திரி. ஒரு பக்க நுரையீரல் மொத்தமாகப் போய்விட்டது என்றார்கள். மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு, "ரெண்டு வாட்டி எழுந்தவ மாமா நான். மூணாவது வாட்டியும் எழுந்துருவேன். நீ மாத்திரைய மட்டும் மறந்துறாத" என்றாள். கடைசி நாள் காலையிலும் என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். அன்றைக்கு வைத்தது நிஜ மாத்திரைதான். விழுங்கத் தெம்பில்லை. வெல்லம் உதட்டோரம் கரைந்து வழிந்தது. என் துண்டால் துடைத்துவிட்டேன். பதினோரு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வெள்ளையம்மாள் என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பெத்தவ நான் பாக்காதத நீ பாத்த சாமி" என்று அழுதார். நான் அவரைப் பிடித்து உட்காரவைத்தேன். அந்த நேரத்தில் அவரிடம் என்ன சொல்ல முடியும்?

ஆக, ஆரோக்கியசெல்வி அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை. அட்டைகள் சரி, எண்ணிக்கை சரி, கையெழுத்து சரி. மாத்திரையை மாற்றிக் கொடுத்துச் சங்கவியைக் கொன்றது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன்.

ஆனால் ஒன்று ஐயா, கேஸ் நடத்துகிறவர்களுக்கும் இது புரிய வேண்டும். அவள் மட்டும் எழுந்து ஓடாமல் கொஞ்ச நாள் சும்மா படுத்திருந்தால், நான் எப்படியும் அவளைப் பிழைக்கவைத்திருப்பேன்.