ஜெபமாலைக்குப் போட்ட நான்கு ஊசிகள்

நாய்களுக்கு ரசச் சோறு பிடிக்காது, சார். மீன் தலையை வேகவைத்து, முள்ளை எடுத்துவிட்டுச் சோற்றோடு பிசைந்து வைத்தால் ஒரு பருக்கை மிஞ்சாது. பாம்பனில் என் மெடிக்கலுக்குப் பின்னால் பத்து வருடமாக அப்படித்தான் வைத்துவந்தேன். கடைசியில் பதினோரு நாய்கள் இருந்தன.

வாழும் உரிமை எந்த உயிருக்கும் பிறப்போடு வருகிறது. சர்க்கார் கொடுத்து வருவதல்ல. மனிதர்கள் தங்கள் உரிமைக்கு மனு எழுதுவார்கள், மறியல் செய்வார்கள். நாய்க்கு யார் இருக்கிறார்கள்? போன வருடம் ஒரு நாய் யாரையோ கடித்ததற்காக ஊர்க்காரர்கள் மீனில் விஷம் வைத்தார்கள். பத்தொன்பது நாய்களை ஒரே காலையில் கடற்கரை மணலில் நான்தான் புதைத்தேன். அதற்கு விசாரணை எதுவும் நடக்கவில்லை.

ஜெபமாலை கருவாடு காயப்போடும் பெண். காய்ச்சலோ தலைவலியோ, முதலில் என்னிடம்தான் வருவாள். ஜனவரியில் ஒரு மதியம், கெண்டைக்காலில் ரத்தத்தோடு வந்தாள்.

“அண்ணே, ஒங்க செவலை கடிச்சுப்புடுச்சு. நான் அதச் சீண்டக்கூட இல்ல. பெரியாஸ்பத்திரிக்குப் போகவாண்ணே?”

செவலை என் பதினொன்றில் ஒன்று. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. வாயில் நுரை. அது என்ன நோய் என்று எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடம் மருந்து விற்றவன் நான். ஆஸ்பத்திரியில் எந்த நாய் என்று கேட்பார்கள். பேச்சு ஊருக்குள் வரும். மறுபடியும் மீன், மறுபடியும் விஷம்.

“எதுக்கு அம்புட்டுத் தூரம்? அதே ஊசி இங்கனயே இருக்கு” என்றேன்.

காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அதில் குறை வைக்கவில்லை. பிறகு ஒரு சத்து ஊசி போட்டேன். அடுத்த மூன்று ஊசிகளுக்கான தேதிகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். வெளியே தெரிந்தால் செவலையை அடித்துக் கொன்றுவிடுவார்கள் என்றேன்.

“வாயில்லாச் சீவன், பாவம்ணே. நான் ஏன் சொல்லப்போறேன்?” என்றாள். யாரிடமும் சொல்லவில்லை.

செவலையைக் கொல்லையில் தனியாகக் கட்டிவைத்தேன். நான்காம் நாள் செத்தது. அன்றே ராமநாதபுரத்திலிருந்து மருந்து வரவழைத்து, மீதிப் பத்து நாய்களுக்கும் ஊசி போட்டேன். அது சரியான மருந்து.

ஜெபமாலை தேதி தவறாமல் வந்தாள். நான்காவது ஊசிக்கு வந்தபோது ஒரு பை நெத்திலிக் கருவாடு கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் அவள் கணவன் மரியதாஸ் கடைக்கு ஓடிவந்தான்.

“அண்ணே, தண்ணிச் செம்பக் கண்டாலே அலறுறா. காத்துப் பட்டா ஒடம்பு தூக்கிப்போடுது. ஒரு எட்டு வந்து பாருங்கண்ணே.”

போனேன். கடலைப் பார்த்திருந்த சன்னலைச் சாக்கால் மூடியிருந்தார்கள். ஜெபமாலை என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஊசியெல்லாம் போட்டுக்கிட்டேனேண்ணே” என்றாள். ஆமாம்மா என்றேன். மூன்றாம் நாள் இறந்தாள். அடக்கத்துக்கும் போனேன்.

ஓர் உயிர் போய்ப் பத்து உயிர் நின்றது. நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

வேறெங்கோ தெருநாய் கடித்தது என்று சொல்லச்சொல்லி அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கலாமே, நாய்களும் பிழைத்திருக்கும், அவளும் பிழைத்திருப்பாளே என்று கேட்கிறீர்கள். தோன்றாமல் இல்லை, சார். இரண்டாவது ஊசிக்கு அவள் வந்து உட்கார்ந்தபோதே தோன்றியது. அப்போதும் நேரம் இருந்தது. ஆனால் அனுப்பினால், முதல் ஊசி யார் போட்டது, என்ன மருந்து என்று அங்கே கேட்பார்கள். கடையை மூடிவிடுவார்கள்.