கூப்பிடாத மூன்று மணி நேரம்

காலை 7.35. குளியலறைத் தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது; கதவு திறக்கவில்லை. டக். அவ்வளவுதான் சத்தம். முகப்பேர், என் சொந்த ஃப்ளாட். வயது நாற்பத்தேழு. இடுப்பில் துண்டு. பத்தடி தள்ளி என் மனைவி செல்வி டிவி பார்க்கிறாள். ஒரு குரல் கொடுத்தால் போதும். கொடுக்கவில்லை. மூன்று மணி நேரம் கொடுக்கவில்லை. கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்தை இரண்டு மொழிகளில் படித்து முடித்தேன். சொல்லிக்கொள்ளாமல் வெளியே போகிறவன் நான். அதனால் அவளும் தேடவில்லை.

காரணம் யாழ்ப்பாணத்தில் கிடக்கிறது. எனக்கு ஒன்பது வயது. பிற்பகல். வானத்தில் ஷெல்லின் விசில். பிறகு இடி.

“ஓடுங்கோ! பங்கருக்க ஓடுங்கோ!”

அம்மா என்னைத் தூக்கிக் குழிக்குள் போடுகிறாள். இரண்டாவது விசில். தலையில் மண் கொட்டுகிறது. அப்போதுதான் ஞாபகம் வருகிறது. பாதி தின்ற மாம்பழம் முற்றத்தில்.

“அம்மா, என்ர மாம்பழம்!”

அழுதேன். நிறுத்தவே இல்லை. அம்மா ஏறிப் போனாள். மூன்றாவது ஷெல்லுக்கு விசில் கேட்கவில்லை.

அதன்பிறகு நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. படகு, முகாம், வேலை, கல்யாணம். உப்பு தள்ளி இருந்தால் உப்பில்லாமல் சாப்பிடுவேன். குடல்வால் வலிக்குத் தனியாக ஆட்டோ பிடித்து அம்பத்தூர் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தேன். செல்வி அதைத் திமிர் என்றாள். நான் மறுக்கவில்லை. திமிர் என்றால் சொல்லிக்கொள்ளக் கௌரவமாக இருக்கிறது.

10.35. டிவி நின்றது. சாவிக்கொத்து குலுங்குகிறது. செல்வி பட்டாபிராமில் உள்ள அக்கா வீட்டுக்குக் கிளம்புகிறாள். போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். கூப்பிட வாய் வரவில்லை. தண்ணீர் மொள்ளும் மக்கால் கதவைத் தட்டினேன்.

“ஐயோ, உள்ளயா கீறீங்க?”

ஓடி வருகிறாள். வெறுங்கால். தப். தப். தப்.

“ஓடி வராத! படு! படு!”

என் குரல்தான். கால்கள் நின்றன.

“சரி, குந்திக்கினேன்,” என்றாள் தரையிலிருந்து. “இப்ப சொல்லுங்க. இன்னா ஆச்சி?”

இருபது வருடக் கல்யாணத்தில் முதல்முறையாக அந்த மாம்பழத்தைப் பற்றிச் சொன்னேன். கதவைப் பார்த்துச் சொன்னேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் இரண்டு முறை கேட்டது.

“இம்மாம் வருசமா இத்த வச்சிகினா ஒரு டம்ளர் தண்ணி கேக்காம இருந்தீங்க? நான் கல்லா இன்னா?”

அவள் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுத் தச்சருக்கு போன் செய்தாள்.

இழந்தவை இவை. அம்மா, வயது முப்பத்தொன்று. வீட்டின் முன்பக்கம். பாதி மாம்பழம். இருபது வருடமாக ஒருத்தி கொண்டுவந்து தரத் தயாராக இருந்த தண்ணீர்.

தச்சர் வந்தார். கதவின் அடியில் உளியைக் கொடுத்து லேசாகத் தூக்கினார். திறந்துகொண்டது. துண்டோடு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்னக் கூப்ட்டதே தண்டம், அண்ணாத்தே. காத்தாலயே ஒரு கொரலு வுட்டிருந்தா அண்ணியே தொறந்திருக்கும்.”